தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து பாங்காக்: கோயிலுக்கு ஒரு நேரம், சந்தைக்கு ஒரு கிழமை

பாங்காக் போய்வந்தவர்கள் மூன்று குறை சொல்வார்கள்: வெயில் தாங்கவில்லை, கூட்டம் தாங்கவில்லை, ஆட்டோக்காரன் ஏமாற்றிவிட்டான். மூன்றுக்கும் மருந்து ஒன்றுதான். எந்த இடத்துக்கு எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் போவது என்பதைக் கிளம்பும் முன்பே முடிவுசெய்துகொள்வது. குழுப் பயணங்களில் பெரும்பாலும் பட்டாயாவுக்கு இரண்டு நாள், நகைக்கடைக்கு அரை நாள் ஒதுக்கிவிட்டு, அரண்மனையை உச்சி வெயிலில் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். தனியாகப் போவதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. ரயிலும் படகும் கொண்டே எல்லா இடமும் எட்டிவிடும்.

கிழமைக் கணக்கு

சதுச்சாக் பெருஞ்சந்தை முழுமையாகத் திறப்பது சனி, ஞாயிறு மட்டும். அரண்மனைச் சீட்டோடு சேர்ந்து வரும் கோன் என்ற முகமூடிக் கூத்து திங்கள் முதல் வெள்ளி வரை. இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் புதன் இரவு கிளம்பி, ஞாயிறு இரவு திரும்புவது சரியாக வரும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை போனால் உடம்புக்கு நல்லது. பள்ளி விடுமுறைக்காக மே மாதம்தான் முடியும் என்றால் போகலாம்; ஆனால் அங்குள்ளது நம் ஊர் வறண்ட வெயில் அல்ல, சட்டையைப் பிழியவைக்கும் புழுக்கம். செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான், அவர்களுடைய புத்தாண்டு. சங்கராந்தி என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். நம் சித்திரை ஒன்றும் அதுவும் ஒரே கணக்கு. தெருவெங்கும் தண்ணீர் ஊற்றுவார்கள், பல கடைகள் மூடியிருக்கும். கோயில் பார்க்கப் போகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்க்கலாம்.

கிளம்புவதற்கு முன்

பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும். 2024 ஜூலையில் இந்தியர்களுக்கு 60 நாள் விசா விலக்கு கொடுத்தார்கள். இந்த விதியை அடிக்கடி மாற்றுவார்கள் என்பதால், டிக்கெட் போடும் அன்றைக்கே தாய்லாந்துத் தூதரகத்தின் தளத்தில் பார்த்துவிடுங்கள். 2025 மே முதல் மின்னணு வருகை அட்டையும் கட்டாயம். போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் தாய்லாந்துக் குடிவரவுத் துறையின் தளத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணமே கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது போலி அல்லது தரகர். திரும்பும் டிக்கெட், விடுதி முன்பதிவு இரண்டையும் காகிதத்தில் அச்செடுத்து வையுங்கள். செல்போன் சார்ஜ் இறங்கிப்போன நேரத்தில்தான் அதிகாரி கேட்பார்.

பலர் விமானத்தைத் தவறவிடுவது தேதிக் குழப்பத்தால். பெங்களூரிலிருந்து பாங்காக் விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டிக் கிளம்புகின்றன. டிக்கெட்டில் 15-ஆம் தேதி 00.30 என்று இருந்தால், 14-ஆம் தேதி சாயங்காலமே வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். வெளிநாட்டு விமானங்கள் கெம்பேகவுடா விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்திலிருந்து. மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும் என்றால், தர்மபுரியிலிருந்து மாலை 4 மணிக்கும், கிருஷ்ணகிரியிலிருந்து 5 மணிக்கும் வண்டி நகர்ந்தாக வேண்டும். சில்க் போர்டு, ஹெப்பாள் நெரிசலை நம்பி எந்தக் கணக்கும் போட முடியாது. சொந்த வண்டி என்றால் ஓசூரிலிருந்து பாகலூர், மாலூர், ஹொசகோட்டை வழியாகத் தேவனஹள்ளி போய்விடலாம். நகருக்குள் நுழையவே வேண்டாம். பஸ்ஸில் போகிறவர்கள் பெங்களூரில் இறங்கி வாயு வஜ்ரா பேருந்து பிடிக்கலாம்.

மலிவு டிக்கெட்டுகளில் பெரும்பாலும் 7 கிலோ கைப்பை மட்டும்தான். போகும்போது அது போதும். வரும்போது போதாது. திரும்பும் பயணத்துக்கு மட்டும் 20 கிலோவை இணையத்திலேயே வாங்கிவிடுங்கள். விமான நிலையத்தில் எடை போட்ட பிறகு கட்டினால் வாங்கிய துணியின் விலையைவிட அதிகமாகிவிடும்.

பணத்தைப் பொறுத்தவரை, ஒரு பாட் இரண்டரை ரூபாய்க்கு மேல். ரூபாயைக் கொண்டுபோய் மாற்றினால் பாட் குறைவாகக் கிடைக்கும். கசங்காத 100 டாலர் நோட்டுகள் நல்லது. சுவர்ணபூமி விமான நிலையத்தில் வெளியே வந்ததும் இருக்கும் கவுண்டர்களில் மாற்றாதீர்கள். கீழ்த்தளத்தில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பவற்றில் பாட் கூடுதலாகக் கிடைக்கும். வெளிநாட்டு அட்டைக்கு ஏடிஎம் ஒவ்வொரு முறையும் 220 பாட்டோ அதற்கு மேலோ பிடிக்கும். எடுத்தால் ஒரே தடவையில் எடுங்கள். சந்தைக் கடைகளில் தொங்கும் கியூஆர் அட்டைகள் பெரும்பாலும் அந்த நாட்டு வங்கிக் கணக்குக்கானவை. ரொக்கம் கையில் இருக்கட்டும்.

முதல் நாள், வியாழன்: அரண்மனை வேண்டாம்

விமானம் நான்கு மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளுங்கள். சில மலிவு நிறுவனங்கள் டான் முவாங் என்ற இன்னொரு விமான நிலையத்தில் இறங்கும். டிக்கெட்டைப் பார்த்துத்தான் விடுதியைப் பிடிக்க வேண்டும். சுவர்ணபூமியிலிருந்து நகர ரயிலில் கடைசி நிலையமான பாயா தாய் வரை 45 பாட். அங்கிருந்து மேம்பால ரயிலுக்கு மாறலாம். நாலைந்து பேர் பெட்டிகளோடு இருந்தால் மீட்டர் டாக்சி. மீட்டர் 35 பாட்டில் தொடங்கும், விமான நிலையக் கட்டணம் 50 பாட்டும் சுங்கமும் தனி.

தங்குவதற்கு சீலோம், சாபான் தாக்சின் பக்கம் நல்லது. ரயிலும் ஆறும் இரண்டுமே நடக்கும் தூரத்தில் இருக்கும். இந்திய உணவகம் நிறைய உண்டு என்று நானா பகுதியைச் சொல்வார்கள். இரவுக் கூத்தடிப்புக்குப் பேர்போன தெருக்கள் அவை. குடும்பத்தோடு போகிறவர்களுக்குத் தோதுப்படாது.

அறை மதியம் 2 மணிக்குத்தான் கொடுப்பார்கள். பையை வைத்துவிட்டு, சாப்பிட்டு, அறை கிடைத்ததும் தூங்குங்கள். தூக்கமில்லாத உடம்போடு நேராக அரண்மனைக்குப் போய் அங்கே மயங்கி உட்கார்ந்துவிடுவது அடிக்கடி நடப்பது.

மாலையில் சீலோம் சாலை மாரியம்மன் கோயில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறிய தமிழர்கள் கட்டியது. ஊர்க்காரர்களிடம் மாரியம்மன் என்று கேட்டால் சிலருக்குப் புரியாது, "வாட் கேக்" என்று கேளுங்கள். வாட் என்றால் கோயில், கேக் என்றால் விருந்தாளி. இந்தியர்களையும் அப்படித்தான் சொல்வார்கள். கோபுரம், குங்குமம், தேங்காய்த் தட்டு எல்லாம் நமக்குப் பழக்கமானவை. தட்டேந்தி வரிசையில் நிற்பவர்களில் பாதிக்கு மேல் தாய்லாந்துக்காரர்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது.

இரவு 9 மணிக்கு மேல் பாக் க்லோங் தலாத் பூச்சந்தை. சனாம் சாய் மெட்ரோவில் இறங்கி நடக்கலாம். இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருந்தாலும், லோடு வந்து இறங்கி ஏவாரம் சூடுபிடிப்பது இரவில்தான். ஓசூர்ப் பக்கம் ரோஜாவும் சாமந்தியும் போடுகிறவர்கள் இங்கே ஒரு மணி நேரம் கூடுதலாகவே நிற்பார்கள். ஆர்க்கிட் கட்டுகளை எப்படிச் சுற்றியிருக்கிறார்கள், தாமரை மொட்டின் இதழை எப்படி மடித்து அடுக்குகிறார்கள், மல்லிகை மொட்டில் கையளவு மாலை எப்படிக் கோக்கிறார்கள் என்று பார்க்கலாம். நம்முடையது போல விரலில் நார் சுற்றிக் கட்டுவதில்லை. நீள ஊசியில் கோத்துத் தொடுப்பது. ஒரு மாலை வாங்கி வைத்துக்கொண்டால் மறுநாள் கோயிலில் சாத்தலாம்.

இரண்டாம் நாள், வெள்ளி: அரண்மனை

உடையை முதலில் சொல்லிவிட வேண்டும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். அரைக்கால் சட்டை, கையில்லாத மேல்சட்டை, காலோடு ஒட்டும் லெக்கின்ஸ், கிழித்துவிட்ட ஜீன்ஸ் ஆகியவற்றை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். துப்பட்டாவால் தோளைப் போர்த்திச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். சுடிதார், புடவை, முழுக்கால் சட்டை எதற்கும் தடையில்லை. செருப்பைக் கழற்றிக் கழற்றிப் போட வேண்டியிருக்கும். கயிறு கட்டும் ஷூவைத் தவிருங்கள்.

சாபான் தாக்சின் நிலையத்துக்குக் கீழே இருக்கும் சாத்தோன் படகுத்துறையில் ஆரஞ்சுக் கொடி படகு பிடியுங்கள். எவ்வளவு தூரம் போனாலும் 16 பாட் சுமாருக்கு ஒரே கட்டணம், படகிலேயே வாங்குவார்கள். அதே துறையில் நீலக் கொடி சுற்றுலாப் படகுக்குக் கூவிக் கூவி அழைப்பார்கள். அதன் விலை இரு மடங்குக்கு மேல். தா சாங் துறையில் இறங்கினால் அரண்மனையின் வடக்கு வாசல் ஐந்து நிமிட நடை.

வடக்கு வாசல் என்பதை நினைவில் வையுங்கள். பாங்காக்கின் பழைய ஏமாற்று வேலை முழுக்க இதில்தான் அடங்கியிருக்கிறது. அரண்மனை மதில் சுற்றளவு 1,900 மீட்டர். பார்வையாளர்களை விடுவது நா ப்ரா லான் சாலை வாசலில் மட்டும். மெட்ரோவிலிருந்து நடந்து வருகிறவர்கள் முதலில் பார்ப்பது மற்ற வாசல்களை, அவை உண்மையிலேயே மூடியிருக்கும். அந்த இடத்தில் சுத்தமாக உடுத்திய ஒருவர் வந்து, "இன்று பூஜை, மதியம் வரை திறக்காது. இருபது பாட்டுக்கு மூன்று கோயில் காட்டச் சொல்கிறேன்" என்று துக் துக் வண்டியைக் கைகாட்டுவார். கண்ணெதிரே கதவு மூடியிருப்பதால் நம்பத் தோன்றும். வண்டி போய் நிற்பது ரத்தினக் கல் கடையிலோ தையல் கடையிலோதான். அழைத்துவந்ததற்கு ஓட்டுநருக்குக் கமிஷன். பதிலே சொல்லாமல் மதிலை ஒட்டி நடந்து வடக்குப் பக்கம் போய்விடுங்கள். பக்கத்து மைதானத்தில் புறாத் தீனிப் பையைக் கையில் திணிப்பவர்களிடமும் கை நீட்டாதீர்கள்.

வாசல் 8.30க்குத் திறக்கும். 8.15க்கே அங்கே இருங்கள். சுற்றுலாப் பேருந்துகள் 9.30க்கு மேல் குவியும். 10.30க்கு மேல் கல்தளம் கொதிக்கும், நிழலும் குறைவு. சீட்டு 500 பாட். 120 செ.மீ.க்குக் குறைந்த பிள்ளைகளுக்குச் சீட்டில்லை. உள்ளூர்க்காரர்களுக்கு இலவசமா என்று பொருமுகிறவர்கள், மாமல்லபுரத்தில் நாமும் வெளிநாட்டவரிடம் பல மடங்கு வாங்குவதை நினைத்துக்கொள்ளலாம்.

உள்ளே போனதும் கூட்டம் முழுக்க மரகத புத்தர் சன்னதிக்குப் பாயும். போகட்டும். முதலில் சுற்று மண்டபத்துக்குப் போங்கள். நாம் ஊன்றிப் பார்க்க வேண்டியது இங்கேதான் இருக்கிறது: 178 பகுதிகளாகச் சுவரோவியத்தில் ராமாயணம், அவர்கள் சொல்வது ராமகியன். வலமாக நடந்தால் கதை வரிசையாக வரும். தொசகன் என்றால் தசகண்டன், நம் ராவணன், பச்சை உடம்பு. கும்பகான் கும்பகர்ணன். பிபேக் விபீஷணன். கதையில் சில இடங்களில் கம்பனோடு ஒத்துப்போகாது. அங்கே சீதை ராவணனின் மகள். அனுமன் பிரம்மச்சாரி இல்லை. சேதுவைக் கட்டவிடாமல் கல்லைத் தூக்கிப்போன கடல்கன்னியைக் காதலிக்கிறான். வழிகாட்டி இல்லாமலே இந்தச் சுவரைப் படிக்க முடிந்த வெளிநாட்டுக்காரர்கள் நாம்தான். குறைந்தது 40 நிமிடம் கொடுங்கள். வாசல்களில் நிற்கும் 12 காவல் அரக்கர்களில் அடுக்கடுக்காய் முகம் வைத்த பச்சை உருவம் யார் என்று பிள்ளைகளையே கேட்டுப் பாருங்கள்.

பிறகு மரகத புத்தர். 66 செ.மீ. உயரம்தான், உயரத்தில் வைத்திருப்பதால் சின்னதாகத் தெரியும். கோடை, மழை, குளிர் என்று ஆண்டுக்கு மூன்று முறை மன்னரே உடை மாற்றுவார். உள்ளே படம் எடுக்கக் கூடாது. வாசற்படியை மிதிக்காமல் தாண்டுங்கள். உட்காரும்போது உள்ளங்கால் புத்தரை நோக்கி இருக்கக் கூடாது, காலைப் பின்னால் மடித்துக்கொள்ளுங்கள். சம்மணம் போட்டால் அதட்ட மாட்டார்கள், நீட்டினால் அதட்டுவார்கள். பிக்குகளைப் பெண்கள் தொடக் கூடாது, நெரிசலில் தெரியாமல் இடிபடுவதும் கூடாது என்று ஒதுங்கி நிற்பார்கள். மன்னர் குடும்பத்தைப் பற்றி விளையாட்டாகக்கூட எதுவும் பேச வேண்டாம். 112-ஆம் சட்டப்பிரிவில் 15 ஆண்டு வரை சிறை. நோட்டில் மன்னர் முகம் இருப்பதால் பறக்கும் நோட்டைக் காலால் அமுக்குவதும் தப்பு.

வெளியேறும் வழியில் சக்ரி மாளிகை: கீழே ஐரோப்பியக் கட்டடம், மேலே தாய்லாந்துக் கூரை. வெள்ளைக்காரன் தலையில் கிரீடம் வைத்த மாதிரி என்று அந்த ஊரிலேயே கேலி உண்டு.

11 மணிக்கு முடித்துவிட்டு அரண்மனைச் சீட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதே சீட்டில் சாலா சலெம்க்ருங் அரங்கில் கோன் கூத்து பார்க்கலாம், சுமார் 25 நிமிடம், போய்ச்சேர வண்டியும் விடுவார்கள். ராமகியன் காட்சிதான். முகமூடி போட்டு ஆடுவார்கள், பாட்டும் வசனமும் பக்கத்தில் இருப்பவர்கள் பாடுவார்கள். கட்டை கட்டித் தொண்டை கிழியப் பாடும் நம் தெருக்கூத்தைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இது ரொம்ப அடக்கமாகத் தெரியும். அனுமன் குரங்குச் சேட்டை மட்டும் அப்படியே நம் ஊர்தான். வெயில் உச்சத்தில் குளிரூட்டிய அரங்கில் உட்கார்ந்திருப்பதே ஒரு லாபம்.

அரங்கிலிருந்து நடக்கும் தூரத்தில் பாஹுராத். சீக்கியர்களின் துணிக்கடைத் தெரு. குருத்வாராவில் எல்லோருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடுவார்கள், தலையை மூடிக்கொண்டு போக வேண்டும். அதை ஒட்டியே சம்பெங் சந்து: தோளோடு தோள் உரசும் அகலம், மேலே கூரை, வளையல், பாசி, பை, பொம்மை எல்லாம் டஜன் கணக்கில். தள்ளுவண்டிக்காரர் பின்னாலிருந்து கத்தினால் உடனே ஒதுங்குங்கள், நிற்க மாட்டார்.

மாலை 4.30க்கு சாம் யோத்தில் மெட்ரோ ஏறி அடுத்த நிலையமான சனாம் சாயில் இறங்கினால் வாட் போ. சீட்டு 300 பாட். சயன புத்தர் 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம். ரங்கநாதரைச் சேவித்த பழக்கத்தில் முகத்தை மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள்; பாதத்தில் முத்துச்சிப்பி பதித்த 108 மங்கலச் சின்னங்கள் இருக்கின்றன. சுவரோரம் 108 வெண்கலக் கலயங்கள், சில்லறை வாங்கி ஒவ்வொன்றிலும் ஒரு காசு போடுவார்கள். நாள் முழுக்க நடந்த காலுக்கு இங்குள்ள மருத்துவப் பள்ளியில் மசாஜ் எடுக்கலாம். பிறகு தா தியன் துறைக்குப் போய் நின்றால், அக்கரையில் வாட் அருண் பின்னால் சூரியன் இறங்கும்.

மூன்றாம் நாள், சனி: சதுச்சாக்

காலை 9 மணிக்கு மோ சித் நிலையம் அல்லது கம்பேங் பெட் மெட்ரோ. 27 பிரிவுகள், ஆயிரக்கணக்கான கடைகள். "அப்புறம் வந்து வாங்கிக்கலாம்" என்று எந்தக் கடையையும் விட்டுவிடாதீர்கள், திரும்பக் கண்டுபிடிக்க முடியாது. வாங்காவிட்டாலும் கடை எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கூட வந்தவர்கள் தொலைந்தால் நடுவில் உள்ள மணிக்கூண்டில் சந்திப்பது என்று முதலிலேயே பேசிவையுங்கள். பேரத்தில் பத்து, இருபது சதவீதம் குறைந்தால் அது நல்ல விலை. பாதிக்குக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சத்தம் போட்டுப் பேசினால் இன்னும் மோசம். துணியைப் பல கடைகளில் போட்டுப் பார்க்க விட மாட்டார்கள், அளவும் நம்மைவிடச் சின்னது. ஒரு இஞ்சு டேப் பையில் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். செல்லப்பிராணிகள் விற்கும் பகுதியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

வெயில் ஏறியதும் சாலைக்கு எதிரே ஓர் தோர் கோர் பழச்சந்தை. மல்கோவாவும் பெங்களூராவும் ஏற்றி அனுப்பும் ஊர்க்காரர்கள், "நாம் டாக் மை" என்ற அந்த ஊர் மாம்பழத்தை எப்படித் தரம் பிரித்து, ஒவ்வொன்றாக நுரை வலை போட்டு வைக்கிறார்கள் என்று கவனியுங்கள். பெத்சபுன் பக்கத்து இனிப்புப் புளியும் இங்கே கிடைக்கும். ஓட்டை உடைத்து அப்படியே தின்பது, குழம்புக்கு ஆகாது. கன்று, விதை, ஒட்டுக்குச்சி எதையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவராதீர்கள், அனுமதி இல்லாமல் வந்தால் விமான நிலையத்தில் பறிமுதல்தான்.

சைவச் சாப்பாடு பற்றி. மீன் இல்லை என்று சொல்லிக் கொடுக்கும் தட்டிலும் மீன் சாறு இருக்கும், அவர்களுக்கு அது உப்பு மாதிரி. "ஜே" என்று சொல்லுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து போட்ட கடைகள் அந்த வகை. முட்டை, மீன் சாறு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்க மாட்டார்கள். மாம்பழமும் தேங்காய்ப் பாலும் ஊற்றிய ஒட்டரிசி எந்தத் தெருவிலும் நம்பி வாங்கலாம்.

நான்காம் நாள், ஞாயிறு

காலை 8 மணிக்கு தா தியனிலிருந்து அக்கரைக்குப் படகு, சில பாட்தான். வாட் அருண், சீட்டு 200 பாட். அருணன் பெயரில் உள்ள கோயில், காலை வெளிச்சத்தில் பீங்கான் சில்லுகள் மின்னும். படிகள் செங்குத்தானவை. ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்கால் ஆடும். வயதானவர்கள் கீழேயே நிற்கட்டும்.

அடுத்தது வாட் சுதாத் முன்னால் நிற்கும் சிவப்பு ராட்சத ஊஞ்சல். தாய்லாந்து அரண்மனைப் பிராமணர்கள் மார்கழி, தை வாக்கில் நடத்தும் சடங்கின் பெயர் த்ரியம்பவாய், த்ரிபவாய். திருவெம்பாவை, திருப்பாவை என்பதன் மருவல். இந்த உயரத்தில் ஆள் ஊஞ்சலாடுவது 1935-இல் நின்றுபோனது. பாட்டு மட்டும் பக்கத்துத் தேவஸ்தானத்தில் தொடர்கிறது. பெரும்பாலோர் செல்ஃபி எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அங்கிருந்து பொன்மலைக் கோயில் பத்துப் பதினைந்து நிமிட நடை. அதன் அடியில் பான் ஃபா படகுத்துறை. சேன் சேப் கால்வாய்ப் படகு ஏறி பிரதுநாமில் இறங்குங்கள். ஓரத்து இருக்கையில் உட்கார்ந்தால் பக்கத்தில் தொங்கும் கயிற்றை இழுத்துத் தார்ப்பாயைத் தூக்கிப் பிடியுங்கள். கால்வாய்த் தண்ணீர் வாய்க்குள் போவது நல்லதில்லை.

பிரதுநாம் துணி மொத்த வியாபாரத்துக்கான இடம். பல கடைகளில் ஒரே கடையில் மூன்று உருப்படி எடுத்தால் மொத்த விலை. ஒரே மாதிரி மூன்று வேண்டுமா, கலந்து எடுக்கலாமா என்று முதலிலேயே கேளுங்கள். புத்தர் சிலை வாங்கினால் வெளியே கொண்டுவர அந்நாட்டு நுண்கலைத் துறை அனுமதி வேண்டும். இ-சிகரெட் அங்கேயும் இங்கேயும் தடை. வேறு யாராவது "இதை மட்டும் உங்கள் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று கொடுத்தால் மாமா மகனாக இருந்தாலும் வாங்காதீர்கள். பாங்காக்கிலிருந்து கஞ்சாவோடு வந்து இங்கே பிடிபடுகிறவர்கள் நிறைய, பெட்டி யாருடையதோ அவர்மேல்தான் வழக்கு.

பிரதுநாமுக்குப் பக்கத்திலேயே ராட்சப்ராரோப் நிலையம். விமான நிலைய ரயில் அங்கே நிற்கும். விடுதியிலிருந்து பெட்டியைக் காலையிலேயே எடுத்துக்கொண்டு அலைய வேண்டாம். மாலையில் போய் எடுத்துவிட்டு, மூன்றரை மணி நேரம் முன்னதாக விமான நிலையத்துக்குள் இருங்கள். பெங்களூரில் நள்ளிரவுக்கு மேல் இறங்கினால், தொப்பூர், பாலக்கோடு போகிறவர்கள் இருட்டில் தூக்கக் கலக்கத்தோடு வண்டி ஓட்டாமல், முனையத்தில் இரண்டு மணி நேரம் சாய்ந்துவிட்டு விடியலில் கிளம்பலாம்.